தூங்காத குழந்தை: அறிகுறியிலிருந்து காரணத்தைத் தேடும் வழிமுறை (1 முதல் 5 வயது வரை)

எங்கள் வீட்டில் இரண்டு குழந்தைகள். மூத்தவளுக்கு ஆறு வயது முடிந்துவிட்டது, இளையவனுக்கு இரண்டரை வயது. இந்த ஆறு ஆண்டுகளில் அவர்களுடைய இரவுத் தூக்கம் கெடுவதும், நாங்கள் காரணத்தைத் தேடிச் சரிசெய்வதும், சில மாதங்கள் கழித்து அது வேறொரு வடிவத்தில் மீண்டும் கெடுவதுமாகப் பலமுறை நடந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரு நோட்டில் எழுதிவைத்த குறிப்புகளையும், குழந்தைகள் நல மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவற்றையும் சேர்த்து, இரவு இரண்டு மணிக்குக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு படிப்பவருக்கும் பயன்படும்படி அறிகுறி வாரியாக இங்கே தருகிறேன். உங்கள் வீட்டில் நடப்பது எந்தத் தலைப்பில் இருக்கிறதோ அங்கே நேராகச் செல்லலாம். ஒவ்வொரு தலைப்பிலும் செலவில்லாமல் சரிபார்க்கக்கூடியவை முதலிலும், பரிசோதனையும் மருந்தும் தேவைப்படுபவை கடைசியிலும் உள்ளன. ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைகளின் தூக்கம் வேறு வகையானது என்பதால் அவர்களுக்கு இந்த வழிமுறை பொருந்தாது.

எதையும் மாற்றுவதற்கு முன்: ஏழு நாள் குறிப்பு

முதல் வேலை எழுதிவைப்பதுதான். காலையில் எழுந்த நேரம், மதியம் தூங்கிய நேரம், எழுந்த நேரம், இரவு உணவு, படுக்கவைத்த நேரம், உண்மையில் தூங்கிய நேரம், இரவில் விழித்த நேரங்கள், ஒவ்வொரு விழிப்பிலும் எதைச் செய்தபின் மீண்டும் தூங்கியது என்பவற்றை ஏழு நாட்களுக்குக் குறித்துவையுங்கள். நினைவை நம்ப வேண்டாம். "இரவு முழுவதும் தூங்கவே இல்லை" என்று நான் உறுதியாக நம்பிய ஒரு வாரத்தில், மூத்தவள் நாள்தோறும் பதினோரு மணி நேரம் தூங்கியிருந்தாள் என்பதை நோட்டுதான் காட்டியது. அவள் தூங்கிய நேரம் எங்களுக்குப் பொருந்தாத நேரமாக இருந்தது என்பதே உண்மை.

மதியத் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளில் 1 முதல் 2 வயது வரை 11 முதல் 14 மணி நேரமும், 3 முதல் 5 வயது வரை 10 முதல் 13 மணி நேரமும் தூக்கம் தேவை. உங்கள் குறிப்பில் கூட்டுத்தொகை இந்த அளவுக்குள் இருந்து, குழந்தையும் பகலில் சுறுசுறுப்பாக இருந்தால், பழுது நேர ஒழுங்கில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். தொகை இதைவிடக் குறைந்து, பகலில் சிடுசிடுப்பும் அழுகையும் இருந்தால் மட்டுமே தூக்கம் பற்றவில்லை என்று பொருள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஐந்து முதல் ஏழு இரவுகள் பொறுத்துப் பாருங்கள். மதியத் தூக்கம், படுக்கும் இடம், பால் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. அடுத்த முறை கெடும்போது மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது (குறட்டை சில நொடிகள் மட்டும் நின்று தொடர்வதற்கு அறிகுறி 4-ஐப் பார்க்கவும்), மூச்சுவிடச் சிரமப்பட்டு விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்வாங்குவது, உதடு நீலமாவது, கை கால் வெட்டி இழுப்பது, எழுப்பினாலும் எழாத அளவுக்கு மயக்கமாகக் கிடப்பது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் இந்த வழிமுறையைப் படித்துக்கொண்டிருக்காமல் 108-ஐ அழைக்கவும் அல்லது உடனே மருத்துவமனைக்குச் செல்லவும்.

அறிகுறி 1: படுக்கவைத்து ஒரு மணி நேரம் ஆகியும் தூங்குவதில்லை

*மதியத் தூக்கம் எத்தனை மணிக்கு முடிகிறது?*

எங்கள் வீட்டில் இந்தப் பழுது வந்தபோதெல்லாம் பத்தில் ஏழு முறை காரணம் இதுதான். மாலை ஐந்து மணிக்கு எழுந்த இரண்டு வயதுக் குழந்தையை இரவு ஒன்பது மணிக்குத் தூங்கச் சொல்வதில் பயனில்லை, ஏனென்றால் அந்த வயதில் ஒரு தூக்கத்துக்கும் அடுத்த தூக்கத்துக்கும் இடையே ஐந்து, ஆறு மணி நேர விழிப்பு தேவைப்படுகிறது. மதிய உணவை அரை மணி நேரம் முன்னதாகக் கொடுத்து, ஒரு மணிக்கெல்லாம் படுக்கவைத்து, மூன்று மணிக்குத் திரைச்சீலையை விலக்கி மெதுவாக எழுப்பிவிடுங்கள். தூங்கும் குழந்தையை எழுப்பக் கூடாது என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். என் மாமியாரும் அதைத்தான் சொன்னார். ஏழு நாள் குறிப்பைக் காட்டி, "அத்தை, ஒரு வாரம் மட்டும் இப்படிச் செய்து பார்ப்போம்" என்று கேட்டேன்; நான்காம் நாள் முதல் அவரே மூன்று மணிக்கு எழுப்பத் தொடங்கினார். பெரும்பாலான குழந்தைகள் 3 வயதுக்கும் 5 வயதுக்கும் இடையே மதியத் தூக்கத்தைத் தாமாகவே விட்டுவிடும். விடும் காலத்தில் ஒரு நாள் தூங்கும், ஒரு நாள் தூங்காது. தூங்காத நாளில் இரவில் ஒரு மணி நேரம் முன்னதாகப் படுக்கவைத்தால் போதும்.

*தூக்கம் வரும் நேரத்தைத் தவறவிடுகிறோமா?*

கண்ணைக் கசக்குவது, கொட்டாவி, காதைத் தடவுவது, காரணமில்லாத அழுகை ஆகியவை வந்ததும் படுக்கவைத்தால் கால் மணி நேரத்தில் தூங்கிவிடும் குழந்தை, அதைத் தாண்டிவிட்டால் புதுத் தெம்பு வந்ததுபோல் ஓடத் தொடங்கும். அந்த ஓட்டத்தைப் பார்த்து இன்னும் தூக்கம் வரவில்லை என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அது அளவு மீறிய களைப்பு. குறிப்பில் ஏழரை, எட்டு மணி அளவில் இந்த அடையாளங்கள் தெரிந்தால் படுக்கை நேரத்தை அங்கே கொண்டுவாருங்கள். குழந்தை நாள்தோறும் பத்து மணிக்குத்தான் தூங்குகிறதென்றால், ஒரே நாளில் எட்டு மணிக்கு மாற்ற முடியாது. மூன்று நாளுக்கு ஒருமுறை பதினைந்து நிமிடமாக முன்னே நகர்த்துங்கள், காலையில் எழுப்பும் நேரத்தையும் அதே அளவில் நகர்த்துங்கள்.

*கடைசி ஒரு மணி நேரத்தில் வீட்டில் என்ன நடக்கிறது?*

குழல்விளக்கு, ஓடிக்கொண்டிருக்கும் தொலைக்காட்சித் தொடர், கையில் கைபேசி ஆகிய மூன்றும் தூக்கத்தைத் தள்ளிப்போடும். எட்டு மணிக்குப் பெரிய விளக்கை அணைத்து ஜீரோ வாட் பல்பைப் போட்டுவிடுவது எங்கள் வீட்டில் மிகுந்த பயன் தந்தது. இதைவிடக் கடினமானது வேலைக்குச் சென்றவர் வீடு திரும்பும் நேரம். ஒன்பது மணிக்கு அப்பா வரும் வீட்டில் குழந்தை அதுவரை காத்திருக்கும், வந்ததும் தோளில் ஏறும், தூக்கிப் போட்டுப் பிடிக்கச் சொல்லும். அந்தப் பத்து நிமிடம் குழந்தைக்கும் அப்பாவுக்கும் மிகவும் வேண்டியது, அதைப் பறிக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. என் கணவர் அந்த விளையாட்டைக் காலைக்கு மாற்றிக்கொண்டு, இரவில் படுக்கையருகே அமர்ந்து கதை சொல்வதை வழக்கமாக்கினார். கை கால் கழுவுவது, பல் துலக்குவது, ஒரு கதை, ஒரு தாலாட்டு என்று நாள்தோறும் ஒரே வரிசையில் நடந்தால், இரண்டு வாரத்தில் பல் துலக்கும்போதே குழந்தைக்குக் கொட்டாவி வரும்.

*அறை எப்படி இருக்கிறது?*

மொட்டை மாடிக்குக் கீழே உள்ள வீடுகளில் சித்திரை, வைகாசி மாதங்களில் கூரை இரவு பதினொரு மணி வரை அனலைக் கீழே இறக்கிக்கொண்டிருக்கும். நாங்கள் மதுரையில் மூன்றாவது மாடியில் இருந்த இரண்டு ஆண்டுகளில், மாலை ஆறு மணிக்கு மாடியில் தண்ணீர் தெளிப்பதும், தரையில் பாய் விரித்துப் படுப்பதும் கண்கூடான மாற்றத்தைத் தந்தன. குழந்தைக்குப் புழுக்கமா, குளிரா என்பதைக் கையையும் காலையும் தொட்டுப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம், அவை எப்போதும் சற்றுக் குளிர்ந்தே இருக்கும். பிடரியில் கை வையுங்கள். வேர்த்திருந்தால் ஒரு உடுப்பைக் குறைக்க வேண்டும். கொசுவுக்கு வலைதான் நல்லது. மூடிய அறையில் கொசுவத்திச் சுருளை ஏற்றினால் கொசுவை விரட்டிவிட்டு மூக்கடைப்பை வரவழைத்துக்கொள்வோம்.

*எப்போது மருத்துவரைப் பார்ப்பது?*

மேலே உள்ள எல்லாவற்றையும் சரிசெய்து நான்கு வாரம் ஆகியும் தூங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனால், அல்லது தூக்கச் சிக்கலுடன் பேச்சு வராமை, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை போன்றவையும் இருந்தால், குழந்தைகள் நல மருத்துவரிடம் இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அறிகுறி 2: நன்றாகத் தூங்கிவிட்டு, ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து அழுகிறது

*தூங்கும்போது இருந்தது, விழிக்கும்போது இருக்கிறதா?*

எல்லோருக்கும் இரவில் சில முறை லேசான விழிப்பு வரும். புரண்டு படுத்து நாம் தூங்கிவிடுகிறோம். தூளி ஆட்டத்திலோ, வாயில் பால் புட்டியுடனோ, அம்மாவின் தோளிலோ தூங்கிப் பழகிய குழந்தை, அந்த லேசான விழிப்பில் ஆட்டம் நின்றிருப்பதை உணர்ந்து முழுவதும் விழித்து அழுகிறது. குறிப்பில் ஒவ்வொரு விழிப்பிலும் "தூளி ஆட்டியதும் தூங்கினான்" என்றே இருந்தால் காரணம் இதுதான். தூளியைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. கைக்குழந்தைப் பருவத்தில் என் இரண்டு குழந்தைகளும் அதில்தான் வளர்ந்தார்கள். ஆனால் குழந்தை உருண்டு எழுந்து உட்காரத் தொடங்கியபின் தூளியில் கண்காணிப்பின்றி விடுவது ஆபத்தானது. மூத்த குழந்தை தூளிச் சேலையைக் கழுத்தில் சுற்றி விளையாடி உயிருக்கே ஆபத்தாகும் நிகழ்வுகள் உண்டு என்பதால், பயன்படுத்தாத நேரத்தில் சேலையை அவிழ்த்து எடுத்துவிடுங்கள்.

இளையவனுக்கு ஒன்றேகால் வயதில் தூளியை விடுவித்த முறை இது. முதல் நான்கு இரவுகள் கண் சொக்கும் வரை மட்டும் ஆட்டி, தூங்கும் முன்பே நிறுத்தினோம். அடுத்த நான்கு இரவுகள் ஆட்டாமல், தூளியின் மேல் கையை மட்டும் வைத்துக்கொண்டு பாடினேன். ஒன்பதாம் இரவில் தூளிக்குக் கட்டிய அதே பழைய நூல் சேலையை நான்காக மடித்துப் பாயில் விரித்து, அதில் படுக்கவைத்து, அதே பாட்டைப் பாடி நெஞ்சில் கை வைத்தேன். மூன்று இரவுகள் அரை மணி நேரத்துக்கு மேல் அழுதான்; நான் அருகிலேயே இருந்தேன், ஆனால் எடுத்து ஆட்டவில்லை. பதின்மூன்றாம் இரவு ஒரே ஒரு முறை எழுந்தான். நம் வீடுகளில் எல்லோரும் ஒரே அறையில் வரிசையாகப் படுக்கிறோம். அதை மாற்றவோ, குழந்தையைத் தனி அறையில் அழவிடவோ தேவையே இல்லை.

*இரவுப் பால்*

ஒரு வயதைக் கடந்து எடை சரியாகக் கூடும் குழந்தைக்கு இரவில் புட்டிப்பால் தேவையில்லை. அது பசிக்காக அல்லாமல் தூங்குவதற்கான பழக்கமாகவே நீடிக்கிறது. பாலை வாயில் வைத்தபடி தூங்குவதால் முன்பற்கள் சொத்தையாகின்றன. இரண்டு இரவுக்கு ஒருமுறை 30 மில்லி குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் டம்ளரில் ஒரு வாய் தண்ணீருடன் நிறுத்துங்கள். தாய்ப்பால் கொடுப்பவர்கள் நிறுத்த வேண்டியதில்லை, இரண்டு வயதுக்கு மேலும் தரலாம். கதைக்கு முன் பால், கதைக்குப் பின் தூக்கம் என்று வரிசையை மட்டும் மாற்றினால், பாலும் தூக்கமும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டிருப்பது தளரும். இரவு உணவில் இட்லியோ, பருப்புச் சோறோ, நெய்யோடு குழைத்த சாதமோ வயிறு நிறையச் சாப்பிட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

*மூக்கடைப்பும் காதுவலியும்*

சளி பிடித்த குழந்தை படுத்ததும் மூக்கு அடைத்துக்கொண்டு எழும். மருந்துக் கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு மருந்தைப் படுக்குமுன் ஒவ்வொரு மூக்கிலும் இரண்டு சொட்டு விட்டால் பெரும்பாலும் போதுமானது. சளி வந்து மூன்று, நான்கு நாளில் திடீரென இரவில் வீறிட்டு அழுது, உட்காரவைத்தால் அடங்கி, படுக்கவைத்ததும் மீண்டும் அழுதால் காதில் வலி இருக்கக்கூடும். எடைக்கேற்ற அளவில் பாராசிட்டமால் கொடுத்து இரவைக் கடத்தி, மறுநாள் மருத்துவரிடம் காட்டுங்கள். காதில் எண்ணெய் காய்ச்சி ஊற்ற வேண்டாம். செவிப்பறையில் துளை இருந்தால் அது உள்ளே போய்விடும்.

*அரிப்பு*

தூங்கிய ஒன்றிரண்டு மணி நேரத்தில் புரண்டு, பின்புறத்தைச் சொறிந்து, சிணுங்கி எழும் குழந்தைக்குக் கீரிப்பூச்சி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெண் புழுக்கள் இரவில்தான் ஆசனவாயின் வெளியே வந்து முட்டையிடுகின்றன. குழந்தை தூங்கி இரண்டு மணி நேரம் கழித்து டார்ச் விளக்கில் பார்த்தால், ஒரு சென்டிமீட்டர் அளவில் வெள்ளை நூல் துண்டுபோல் நெளிவது தெரியும். தெரியாவிட்டால், காலையில் கழுவுவதற்கு முன் செலோடேப்பின் ஒட்டும் பக்கத்தை ஆசனவாயைச் சுற்றி ஒற்றி எடுத்து, மருத்துவர் சொல்லும் ஆய்வகத்தில் கொடுக்கலாம். மருந்து மலிவானதுதான், ஆனால் குழந்தைக்கு மட்டும் கொடுத்தால் திரும்ப வந்துவிடும். மருத்துவர் சொல்லும் அளவில் வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் எடுத்துக்கொண்டு, இரண்டு வாரம் கழித்து மீண்டும் ஒருமுறை எடுக்க வேண்டும். நகங்களை ஒட்ட வெட்டி, படுக்கை விரிப்புகளையும் உள்ளாடைகளையும் வெந்நீரில் துவைத்து வெயிலில் காயப்போட வேண்டும். அங்கன்வாடிகளிலும் பள்ளிகளிலும் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் நடக்கும் குடற்புழு நீக்க முகாமில் 1 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கு அல்பெண்டசோல் இலவசமாகத் தருகிறார்கள். குழந்தைக்கு மட்டுமல்லாமல் வீட்டில் பலருக்கும் விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் இரவில் அரிப்பு இருந்தால் அது சொறி சிரங்கு. தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

*ஓயாமல் காலை உதைத்துக்கொண்டே தூங்குவது*

போர்வையை உதறி, காலைத் தேய்த்துக்கொண்டே இருந்து, அரைகுறையாகத் தூங்கும் குழந்தையின் தட்டையும் டம்ளரையும் கவனியுங்கள். ஒரு நாளில் அரை லிட்டருக்கு மேல் பசும்பாலோ எருமைப்பாலோ குடித்து, சோறும் கீரையும் பருப்பும் குறைவாக உண்ணும் குழந்தைக்கு இரும்புச் சத்துக் குறைவு வருவது சாதாரணம். கால்களின் இந்த அமைதியின்மைக்கு அதுவும் ஒரு காரணம். பாலை 400 முதல் 500 மில்லிக்குள் கொண்டுவருவது முதல் படி. ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலில் சேர்ந்திருக்கும் இரும்பின் அளவைக் காட்டுவது) பரிசோதனைகளை மருத்துவர் எழுதித் தருவார். இரும்புச் சத்து மருந்தை நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம், வீட்டில் உள்ள பெரியவர்களின் இரும்பு மாத்திரைகளையும் எட்டாத உயரத்தில் வையுங்கள். அளவு மீறினால் அது சிறு குழந்தைக்கு நஞ்சு.

அறிகுறி 3: அலறிக்கொண்டு எழுகிறது, நம்மையே அடையாளம் தெரிவதில்லை

*தூங்கி ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் நடக்கிறதா?*

கண் திறந்திருக்கும், வேர்த்துக் கொட்டும், நெஞ்சு படபடக்கும், கட்டியணைத்தால் தள்ளிவிடும், பெயர் சொன்னாலும் கேட்காது. ஐந்து, பத்து நிமிடத்தில் தானாக அடங்கித் தூங்கிவிடும், காலையில் எதுவும் நினைவிருக்காது. இது ஆழ்ந்த தூக்கத்திலிருந்து முழுவதும் விழிக்க முடியாமல் வரும் அலறல். மூத்தவளுக்கு மூன்றரை வயதில் முதன்முறை வந்தபோது நாங்கள் நடுங்கிப்போனோம். எழுப்பவும் உலுக்கவும் முகத்தில் தண்ணீர் தெளிக்கவும் செய்தோம், அத்தனையும் அலறலை நீட்டவே செய்தன. செய்ய வேண்டியது ஒன்றுதான்: கட்டிலிலிருந்து விழாமலும் சுவரில் மோதாமலும் பார்த்துக்கொண்டு, விளக்கைப் பிரகாசமாகப் போடாமல், அருகில் அமைதியாக இருப்பது. பயந்திருக்கிறது என்று பெரியவர்கள் திருநீறு பூசினால் பூசட்டும், அதில் கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் காலையில் குழந்தையிடம் "நேற்று ராத்திரி ஏன் அப்படிக் கத்தினாய்" என்று எல்லோரும் மாறி மாறிக் கேட்கக் கூடாது. நினைவில்லாத ஒன்றைப் பற்றிய பயத்தை நாமே உண்டாக்கிவிடுவோம்.

காரணத்தைப் பகலில் தேடுங்கள். தூக்கக் குறைவு, காய்ச்சல், ஊருக்குப் போய் வந்த அலைச்சல், ஜூன் மாதத்தில் எல்கேஜி வகுப்பு தொடங்கி மதியத் தூக்கம் திடீரென நின்றுபோவது ஆகியவை அலறலைத் தூண்டும். இரண்டு வாரங்களுக்கு அரை மணி நேரம் முன்னதாகப் படுக்கவைத்ததே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது. நாள்தோறும் ஒரே நேரத்தில் வருமானால், அந்த நேரத்துக்குக் கால் மணி, அரை மணி முன்பு குழந்தையை லேசாக அசைத்து, புரண்டு முனகும் அளவுக்கு எழுப்பித் தூங்கவிடுங்கள். இரண்டு முதல் நான்கு வாரம் இப்படிச் செய்தால் பெரும்பாலும் நின்றுவிடும்.

*விடியலை நெருங்கும் நேரத்தில் நடக்கிறதா?*

அது கெட்ட கனவு. குழந்தை முழுவதும் விழித்திருக்கும், உங்களைத் தேடி வரும், என்ன கண்டது என்று சொல்லும். அணைத்து ஆறுதல் சொல்ல வேண்டியது இங்கேதான். பகலில் என்ன பார்த்தது, யார் "பூச்சாண்டி பிடித்துக்கொண்டு போவான்" என்று சொல்லிச் சோறூட்டினார்கள் என்பதை விசாரியுங்கள். தம்பியோ தங்கையோ பிறந்த முதல் சில மாதங்களில் இது அதிகமாக வரும். பகலில் மூத்த குழந்தையுடன் மட்டும் கழிக்கும் அரை மணி நேரம் நல்ல மருந்து.

*எப்போது மருத்துவரைப் பார்ப்பது?*

ஒரே இரவில் பலமுறை வருவது, விடியற்காலையிலும் பகல் தூக்கத்திலும் வருவது, ஒரு பக்கக் கையோ காலோ ஒரே சீராக வெட்டுவது, வாய் கோணுவது, எச்சில் வழிவது, உடல் விறைப்பது ஆகியவை அலறலில் சேராதவை, வலிப்பாக இருக்கக்கூடும். கைபேசியில் பதிவு செய்து மருத்துவரிடம் காட்டுங்கள். ஆனால் கை கால் வெட்டி இழுத்தால் பதிவு, குறிப்பு எதற்கும் நிற்காமல் குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டு 108-ஐ அழையுங்கள். வாயில் எதையும் திணிக்கக் கூடாது, கையில் இரும்பைக் கொடுக்கவும் வேண்டாம்.

அறிகுறி 4: குறட்டை

அசந்து தூங்குகிறது என்று நாம் மகிழ்ச்சியோடு சொல்லிக்கொள்ளும் இந்த அறிகுறியைத்தான் நான் எல்லாவற்றிலும் மிகுந்த கவனத்தோடு பார்க்கச் சொல்வேன். சளி இருக்கும்போது ஒரு வாரம் குறட்டை வந்து போவதில் கவலையில்லை. தூசு படிந்த மின்விசிறி இறக்கை, பஞ்சுத் தலையணை, படுக்கையறையில் போடும் சாம்பிராணிப் புகை, ஊதுவத்தி, கொசுவத்தி ஆகியவற்றை முதல் வாரத்தில் நீக்கிப் பாருங்கள்.

சளி இல்லாதபோதும் வாரத்தில் மூன்று இரவுகளோ அதற்கு மேலோ குறட்டை வந்தால், குழந்தை தூங்கியபின் பத்து நிமிடம் அருகில் அமர்ந்து கேளுங்கள். குறட்டை திடீரென நின்று, சில நொடிகள் அமைதியாகி, பிறகு ஒரு பெருமூச்சோடு அல்லது திணறலோடு மீண்டும் தொடங்குகிறதா? வாயைத் திறந்து, கழுத்தைப் பின்னுக்கு வளைத்துத் தூங்குகிறதா? தலை நனையும் அளவுக்கு வேர்க்கிறதா? பகலில் எரிச்சலோ, ஓரிடத்தில் நிற்காத துறுதுறுப்போ, பேசும்போது மூக்கடைத்த குரலோ இருக்கிறதா? இவற்றில் ஒன்றிரண்டு இருந்தாலே காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் செல்ல வேண்டும். மூக்குக்குப் பின்னால் உள்ள அடினாய்டு சதையும் தொண்டைச் சதையும் பெரிதாகி மூச்சுவழியை அடைப்பதே குழந்தைகளிடம் இதற்கு மிகச் சாதாரணமான காரணம். மருத்துவர் முதலில் மூக்கில் அடிக்கும் மருந்தைச் சில வாரங்களுக்குத் தரக்கூடும், பிறகு எக்ஸ்ரே அல்லது உள்நோக்கிக் குழாய்ப் பரிசோதனை செய்யக்கூடும். சிலருக்கு இரவுத் தூக்கப் பரிசோதனையும், சதையை அகற்றும் அறுவைச் சிகிச்சையும் தேவைப்படும். வளர்ந்தால் சரியாகிவிடும் என்று உறவினர் சொன்னதைக் கேட்டு எங்கள் சொந்தத்தில் ஒரு குழந்தையை இரண்டு ஆண்டு அப்படியே விட்டுவிட்டார்கள். சிகிச்சைக்குப் பிறகு அந்தப் பையன் எடை கூடியதையும் படிப்பில் அவனுக்குக் கவனம் வந்ததையும் பார்த்த எங்களுக்கு, அந்த இரண்டு ஆண்டுகளை நினைத்து இன்னும் மனம் வருந்துகிறது.

அறிகுறி 5: "கால் வலிக்குது" என்று அழுகிறது

மூன்று வயதுக்கு மேல், நன்றாக ஓடி விளையாடிய நாளின் இரவில், இரண்டு காலிலும் கெண்டைச் சதையிலோ தொடையிலோ வலித்து, பிடித்துவிட்டால் குறைந்து, காலையில் வலியே இல்லாமல் ஓடுகிறதென்றால் அது வளரும் பருவத்து வலி. வெதுவெதுப்பான எண்ணெய் தேய்த்து நீவிவிடுவது போதும். எப்போதும் ஒரே காலில், ஒரே இடத்தில் வலிப்பது, மூட்டு வீக்கம், காலையிலும் நொண்டுவது, காய்ச்சல், எடை குறைவது, தொட்டாலே அழுவது ஆகியவற்றில் எது இருந்தாலும் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் செல்லுங்கள்.

அறிகுறி 6: நான்கரை மணிக்கே எழுந்துவிடுகிறது

ஏழரைக்குத் தூங்கி ஐந்தரைக்கு எழும் குழந்தை தன் பங்கைத் தூங்கிவிட்டது. அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. அதைவிட முன்னதாக எழுந்தால் கிழக்கு ஜன்னலின் வெளிச்சம், மார்கழியில் கோயில் ஒலிபெருக்கி, மோட்டார் போடும் சத்தம், நனைந்த டயப்பர் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். தடித்த திரைச்சீலை பெரும்பாலும் வேலை செய்யும். எழுந்ததும் கைபேசியோ பாலோ கொடுத்தால், மறுநாள் அதற்காகவே எழும். காலைத் தூக்கம் குறைந்ததை ஈடுகட்டப் பதினோரு மணிக்கே தூங்கவிட்டாலும் இந்தச் சுழல் நீடிக்கும்.

அறிகுறி 7: படுக்கை நனைந்து எழுகிறது

ஐந்து வயது வரை இது பழுதே இல்லை, திட்டுவதற்கும் இடமில்லை. ஆறு மாதம் நனைக்காமல் இருந்த குழந்தை மீண்டும் நனைக்கத் தொடங்கினால் மட்டும் மலச்சிக்கல், சிறுநீர் கழிக்கையில் எரிச்சல், குறட்டை ஆகியவை உண்டா என்று பாருங்கள். இத்துடன் அடங்காத தாகமும் எடை குறைவும் இருந்தால் அன்றைக்கே சர்க்கரை அளவைப் பரிசோதிக்க வேண்டும்.

எந்த அறிகுறிக்கும் கொடுக்கக் கூடாதவை

தூங்கவைப்பதற்காகச் சளி, இருமல் மருந்தைக் கொடுப்பது பல வீடுகளில் நடக்கிறது. குளோர்பெனிரமினும் ஃபினைல்எஃப்ரினும் கலந்த சளி மருந்தை 4 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று லேபிளில் அச்சிடும்படி மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரில் அறிவுறுத்தியது. உங்கள் வீட்டு மருந்துப் பெட்டியில் பாதி தீர்ந்த புட்டிகள் இருந்தால் லேபிளைப் படித்துப் பாருங்கள். தேங்காய் எண்ணெயில் கற்பூரம் காய்ச்சி நெஞ்சில் தேய்ப்பதையும் சிறு குழந்தைகளுக்குத் தவிர்க்க வேண்டும். கற்பூரம் உடலுக்குள் சென்றால் வலிப்பை உண்டாக்கும். வசம்பை உரைத்து நாக்கில் தடவுவதையும் தவிர்க்க வேண்டும்.

மருத்துவரிடம் எடுத்துச் செல்ல வேண்டியவை

ஏழு நாள் குறிப்பு, குறட்டையோ அலறலோ உதைப்போ பதிவான இரண்டு நிமிடக் காணொளி, எடை குறித்த தடுப்பூசி அட்டை, குழந்தை ஒரு நாளில் குடிக்கும் பாலின் அளவு, இப்போது கொடுத்துவரும் மருந்துகளின் பெயர்கள் ஆகியவற்றைக் கொண்டு செல்லுங்கள். புறநோயாளிப் பிரிவில் நமக்குக் கிடைக்கும் ஐந்து நிமிடத்தில் நான் வாயால் சொன்னதைவிட, அந்தக் காணொளியின் முப்பது நொடிகள்தான் எங்கள் மருத்துவருக்கு உதவின. குழந்தை தூங்கும் அறையில் பெரிய விளக்கைப் போடாமல், மங்கலான வெளிச்சத்தில் மார்பும் வாயும் தெரியும்படி, சத்தம் பதிவாகும் தூரத்தில் கைபேசியைப் பிடித்து எடுங்கள்.